நான்காவது பார்வை

பருதியின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான்கு நாட்களாக அது மட்டும்தான் எரிகிறது.

"இன்னும் செவப்புதானா?" என்று சமையலறையிலிருந்து கேட்டேன்.

"கண்ணு தெரியுதுல்ல உனக்கு? அப்புறம் என்ன கேள்வி?"

பேசாமல் கத்தரிக்காய் நறுக்கப் போனேன். பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருக்கிற வீட்டில் வாயைத் திறப்பதற்கும் நேரம் பார்க்க வேண்டியிருக்கிறது.

அவள் எழுதிக்கொண்டிருந்தது அறிதல் கட்டுரை. எங்கள் காலத்தில் இந்தப் பாடம் கிடையாது. மனப்பாடம் செய்தோம், எழுதினோம், மறந்தோம். இப்போது நெற்றியில் ஒரு பட்டையைக் கட்டிக்கொண்டு எழுத வேண்டும். அதற்கு நீளமாக ஓர் அரசாங்கப் பெயர் உண்டு. கல்யாணப் பெண்ணின் நெற்றிச்சுட்டி போல நடுவில் ஒரு குட்டி விளக்கு தொங்குவதால், பிள்ளைகள் அதைச் 'சுட்டி' என்றே சொல்கிறார்கள்.

சுட்டி வீட்டுக்கு வந்த அன்று, "இது எதுக்குடி?" என்று கேட்டிருந்தேன். அன்றைக்கு அவள் நல்ல மனநிலையில் இருந்தாள்.

"அம்மா, இப்ப கட்டுரைய யார் எழுதறா? மெஷின் எழுதுது. அது எழுதற அழகுக்கு நம்மால எழுதவே முடியாது. அதனால வார்த்தைக்கு மார்க் கெடையாதுன்னு போர்டு சொல்லிடுச்சு. யோசிச்சதுக்கு மட்டும்தான் மார்க்."

"யோசிச்சத எப்படிப் பாப்பாங்க?"

"வேற ஒருத்தர் எடத்துல நெஜமாவே நின்னு யோசிச்சா, மூளையில ஒரு பகுதி வேற மாதிரி வேலை செய்யுமாம். அத இது கண்டுபிடிச்சுடும். அப்ப பச்சை எரியும். சும்மா ஒப்புக்கு 'அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம்'னு எழுதினா ஏமாறாது. செவப்புதான்."

"நல்லதுதானே."

"நல்லதுதான்" என்றாள். அது நான்கு நாட்களுக்கு முன்பு.

கேள்வி இதுதான்: 'ஒரு நிகழ்ச்சியைப் பற்றி எனக்குத் தெரியும் என்று எப்போது சொல்லலாம்? நீங்கள் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை வேறு மூவரின் பார்வையிலும் உங்கள் சொந்தப் பார்வையிலும் நின்று ஆராய்க.' நானூறு மதிப்பெண். பருதிக்குச் சட்டம் படிக்க வேண்டும். சட்டக் கல்லூரிகள் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்த ஒரு தாளைத்தான்.

அவள் எந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டாள் என்று இரண்டாவது நாள்தான் தெரிந்தது. காபி கொடுக்கப் போனபோது திரையில் தலைப்பைப் பார்த்தேன். 'என் அக்காவின் நிச்சயதார்த்தம்'.

"ஏன்டி, வேற எதுவுமே கெடைக்கலையா ஒனக்கு? ஆண்டு விழாவுல மேடை சரிஞ்சுதே, அத எழுதலாம்ல?"

"நேர்ல பாத்ததுல இதவிடப் பெருசா எதுவும் நடக்கல எனக்கு."

"அக்கா படிச்சான்னா?"

"அக்கா நம்ம வீட்டு வாசல்ல காலெடுத்து வெச்சே ரெண்டு வருஷமாச்சு. எங்கேர்ந்து படிக்கப் போறா."

காபியை மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நடந்தது இவ்வளவுதான். பெரியவள் இனியாவுக்கு அகிலன் என்ற பையனைப் பேசி முடித்தோம். உறையூரில் ஒரு சின்ன மண்டபம், நூற்றைம்பது பேர். என்னைவிட்டு ஏழு வருஷத்துக்கு முன்பே பிரிந்துபோன சஞ்சய்யும் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தார். பெண்ணின் அப்பா இல்லாமல் நன்றாக இருக்காது என்று பையன் வீட்டில் கேட்டார்கள், நானும் சரி என்றேன். பையனின் பெரியப்பா செந்தில்நாதன் எழுந்து நிச்சயப் பத்திரிகையை வாசித்தார். 'திரு. சஞ்சய் அவர்களின் மூத்த மகள் செல்வி இனியாவை' என்று வாசித்து, மேலே போய்விட்டார். என் பெயர் அதில் இல்லை. இரண்டு பெண்களையும் தனியாக நின்று வளர்த்தவள் நான். வாசித்து முடித்ததும் தட்டு மாற்ற வேண்டும். வெற்றிலை பாக்கு பழத்தோடு எங்கள் பக்கத்துத் தட்டு என் மடியில் இருந்தது. தட்டு மாறினால்தான் நிச்சயம். நான் தட்டோடு எழுந்தேன். நேராக வாசலுக்கு நடந்தேன். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கல்யாணம் நின்றது. இனியா பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். என்னோடு பேசுவதில்லை. தங்கைக்கு மட்டும் பிறந்தநாளுக்கு ஒரு வரி அனுப்புவாள்.

பதினைந்து வயதுப் பருதி அன்று என் பின்னாலேயே ஓடிவந்து ஆட்டோவில் ஏறினாள். அன்றிலிருந்து என் வக்கீல் அவள்தான். 'அம்மா செஞ்சது சரி' என்று எத்தனை சொந்தக்காரர்களிடம் சண்டை போட்டிருக்கிறாள் என்பதற்குக் கணக்கே இல்லை. அப்படிப்பட்டவள் செந்தில்நாதனின் இடத்தில் போய் நின்று யோசிக்க வேண்டுமாம். எப்படிப் பச்சை எரியும்?

சனிக்கிழமை காலை அவள் சுட்டியைக் கழற்றிக் கட்டில் மேல் எறிந்தாள்.

"அந்தக் கெழவன நெனச்சாலே பத்திக்கிட்டு வருதும்மா. அவன் எடத்துல நான் எப்படி நிக்கறது? அப்பா எடத்துல நிக்கணும்னா மொதல்ல அந்தாள எனக்குத் தெரியணும். அக்காவ நெனச்சா அழுகதான் வருது. அழுகைக்குப் பச்ச எரியாதாம், அதையும் கேட்டுட்டேன்."

"திங்கக்கெழம எத்தன மணிக்குக் குடுக்கணும்?"

"காலைல எட்டு. வுடு. நான் லாவும் படிக்கல ஒண்ணும் படிக்கல. ஒன் ஆபீஸ்லயே என்னையும் சேத்துவுட்டுடு, ரெண்டு பேருமா ஒக்காந்து ஊர் பூரா திட்டறத கேட்டுக்கலாம்."

நான் ஒரு குடிநீர் நிறுவனத்தில் புகார்ப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பதினான்கு வருஷமாக ஒரு நாளைக்கு எண்பது பேரிடம் 'உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க' என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அன்று குப்பை போடக் கீழே இறங்கியபோது சி பிளாக் ஹரிணி நின்றுகொண்டிருந்தாள். அவள் பையனும் பருதி வகுப்புதான்.

"என்ன நிவேதாக்கா, மொகமே சரியில்ல. சுட்டியா?"

"நாலு நாளா செவப்பு."

அவள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கிட்டே வந்தாள். "நீங்க இன்னும் போடலையா?"

"நான் எதுக்குப் போடணும்?"

"அய்ய, நம்ம பில்டிங்ல போடாத அம்மா நீங்க ஒருத்திதான் போல. எல்.கே.ஜி.லேர்ந்து தெர்மாகோல் வெட்டிக் குடுத்தது யாரு? சார்ட் ஒட்டினது யாரு? இது மட்டும் என்னவாம்? என் பையன் மூணு நாள் மல்லுக்கட்டினான். நான் போட்டேன், பத்து நிமிஷம். பச்சப் பசேல்னு எரியுது."

"கண்டுபிடிச்சுட மாட்டாங்களா?"

"மூளைய வெச்சு ஆள அடையாளம் பாக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்காம். கடைசில 'நானே யோசிச்சது'ன்னு ஒரு உறுதிமொழி, பிள்ளைங்க கையெழுத்துப் போடணும். அவ்ளோதான்."

"அவங்கப்பா போட்டுப் பாத்தாரா?"

"போட்டாரே" என்று ஹரிணி சிரித்தாள். "ஒரு மணி நேரம். செவப்புகூட எரியல. தூங்கிட்டாரு மனுசன்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போட்டுக்கொண்டேன். பதினொன்றிலிருந்து நான்கு வரை வெயில் தடை, யாரும் வெளியே வரக் கூடாது, தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. திரைச்சீலைகளை இறக்கிவிட்டு, பருதி என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதலில் கொஞ்சம் முரண்டு பிடித்தாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சுட்டியை அவளே என் நெற்றியில் கட்டிவிட்டாள்.

"மொதல்ல அந்த ஆளு. யோசி."

கண்களை மூடினேன். செந்தில்நாதன் தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து வாசித்தது நினைவுக்கு வந்தது. எழுபது வயது. அந்தக் குடும்பத்தில் எல்லா நிச்சயத்துக்கும் அவர்தான் வாசிப்பார். இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று அப்பாக்களின் பெயரை மட்டுமே ஐம்பது வருஷமாக வாசித்த வாய். ஒருவேளை அவருக்கும் உறுத்தியிருக்கலாம். பிரிந்தவர்கள், இரண்டு பேரையும் சேர்த்து எப்படிப் போடுவது, போட்டால் அந்த அம்மாவுக்குச் சங்கடமாக இருக்குமோ, விட்டுவிடுவதுதான் மரியாதையோ என்று யோசித்துத்தான் விட்டிருப்பார். மண்டபமே தன்னைப் பார்க்கிறது, கண்ணாடி மூக்கில் வழுக்குகிறது, சீக்கிரம் முடித்து உட்கார வேண்டும்.

"அம்மா" என்றாள் பருதி. குரல் ஒரு மாதிரியாக இருந்தது. "பச்ச."

அடுத்தது சஞ்சய். எனக்கே தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதுவும் வந்தது. ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு பின்வரிசை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற மனிதர். தன் பிள்ளையின் விசேஷத்தில் விருந்தாளி. யாரும் கிட்டே வந்து பேசவில்லை. திடீரென்று ஒலிபெருக்கியில் தன் பெயர். ஒரு வினாடி சந்தோஷம். அடுத்த வினாடியே அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கம்.

பச்சை.

மூன்றாவது இனியா. அதற்கு நான் முயற்சியே செய்ய வேண்டியிருக்கவில்லை. இரண்டு வருஷமாகத் தினமும் நிற்கிற இடம் அது. மணையில் உட்காரவைத்திருக்கிறார்கள். கழுத்தில் மாலை உறுத்துகிறது. தலையைக் குனிந்து, பட்டுப்புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மா எழுந்து போகிறாள். நூற்றைம்பது பேரும் இப்போது தன்னைப் பார்க்கிறார்கள். நிமிரவே முடியவில்லை. ஒரு பெயருக்காக, ஒரே ஒரு பெயருக்காக, அம்மா என் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டுப் போகிறாள்.

"போதும்மா, போதும். பச்ச வந்து எவ்வளவு நேரமாச்சு. நீ ஏன் அழற?"

"அழல. கண்ணு எரியுது. முடிஞ்சுதா?"

"நாலாவது இருக்கு. என்னோட சொந்தப் பார்வை. கழட்டாத, கழட்டினா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கும். இதுக்கு லைட்டெல்லாம் எரியாது. அவங்கவங்க எடத்துல அவங்கவங்க நிக்கறதுக்கு எதுக்கு லைட்டு? நான் வாசிச்சுக்கிட்டே அடிக்கறேன், நீ சும்மா கேட்டுக்கிட்டு ஒக்காந்திரு."

அவள் வாசித்தாள். 'ஒரு பெண்ணின் உழைப்பு அவள் பெயரோடு சேர்த்து அழிக்கப்பட்டபோது, எழுந்து போவது ஒன்றே அவளுக்கு மிச்சமிருந்த மொழி.' அழகாகத்தான் இருந்தது. நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். இதைப் படிக்கிற ஆசிரியர் என்ன நினைப்பார்? இனியா என்றாவது படித்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? 'அழிக்கப்பட்ட' என்பது செந்தில்நாதனுக்குக் கொஞ்சம் அதிகம் இல்லையா? பருதிக்குப் பசிக்குமே, உருளைக்கிழங்கு இருக்கிறதா?

"முடிஞ்சுது" என்று பருதி சுட்டியைக் கழற்றினாள். உறுதிமொழியில் கையெழுத்துப் போடும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. பெற்றோர் கட்டாயம் வர வேண்டும், காலை ஆறரை மணி.

கோடைக்காலப் பள்ளி பதினொன்றுக்கே முடிந்துவிடும், அதனால் எல்லாம் விடியற்காலையில்தான். நான் போனபோது தாழ்வாரத்து பெஞ்சுகளில் ஏற்கெனவே அம்மாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பதினைந்து பேருக்குக் குறையாது. பாதிப் பேர் எங்கள் அடுக்குமாடிதான். ஹரிணியும் இருந்தாள். யாரும் யாரோடும் பேசவில்லை.

பருதியையும் என்னையும் ஒன்றாக உள்ளே கூப்பிட்டார்கள். தியா மிஸ் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. எதிரே ஒரு தாள்.

"உக்காருங்கம்மா. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல. பருதியோட அறிதல் கட்டுரை விஷயமா. மொதல் மூணு பார்வையும் பாருங்க. தொண்ணூத்தி நாலு, தொண்ணூத்தி ஒண்ணு, தொண்ணூத்தி ஏழு. எங்க பள்ளிக்கூடத்துலயே இதுதான் அதிகம்."

"அப்ப நல்லதுதானுங்களே."

"நாலாவது, சொந்தப் பார்வை. நூத்துக்கு நாலு."

பருதி நாற்காலியில் நிமிர்ந்தாள்.

"சாதாரணமா இந்தப் பகுதிக்கு எல்லாப் பிள்ளைங்களும் எண்பதுக்கு மேல எடுத்துடுவாங்கம்மா. அதுக்கு எந்த முயற்சியும் வேணாம். தனக்கு என்ன தோணுதுன்னு தனக்குத் தெரியணும், அவ்ளோதான். பருதிக்கு அது வரல. அந்த நேரத்துல அவ மனசு வேற யார் யார் எடத்துலயோதான் நின்னுக்கிட்டிருக்கு. பதினேழு வயசுப் பொண்ணுக்கு இது ரொம்பக் கவலைப்பட வேண்டிய விஷயம்." மிஸ் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல ரொம்பக் கண்டிப்பா இருப்பீங்களா? அவ பேசறதுக்கு விடுவீங்களா?"

பருதியைப் பேசவிடாமல் வைத்திருக்க இந்த ஊரில் யாராலாவது முடியுமா என்ன. என் பக்கத்தில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

"இவ ஒருத்தி மட்டும் இல்லம்மா. இந்த வருஷம் நாப்பத்தியொரு பிள்ளைங்க. மத்தவங்க எல்லார் பக்கத்துலயும் நல்லா நிக்கறாங்க, தன் பக்கத்துல மட்டும் ஆளே இல்ல. ஒரு தலைமுறையே இப்படி ஆயிடுச்சோன்னு எங்களுக்குப் பயமா இருக்கு. போர்டுலேர்ந்து நிபுணர்கள் வராங்க. ஏற்காட்டுல ஆறு வாரம் முகாம். சான்றிதழ்ல மட்டும் ஒரு குறிப்பு வரும், 'சொந்தமாக முடிவெடுக்கும் திறன் வளர வேண்டும்'னு."

"சட்டக் கல்லூரிக்கு, மிஸ்?" என்றாள் பருதி.

"அந்தக் குறிப்போட கொஞ்சம் கஷ்டம்தான்மா. வேற படிப்பு பாக்கலாம்."

நாற்பத்தியொரு பிள்ளைகள். திறந்திருந்த கதவு வழியாகத் தாழ்வாரத்தைப் பார்த்தேன். புடவையும் சுடிதாருமாக, மடியில் கைப்பையை வைத்து, கால்களை ஒடுக்கி, அடுத்தவருக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்த அந்த வரிசையைப் பார்த்தேன். ஹரிணி என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குத் தெரியாமல், தலையை ஆட்டினாள். வாயைத் திறந்துவிடாதே என்று அர்த்தம்.

சொன்னால் என்ன ஆகும்? ஹரிணியின் பக்கத்திலிருந்து பார்த்தேன், சொல்லக் கூடாது. பருதியின் பக்கத்திலிருந்து பார்த்தேன், பொய்யான உறுதிமொழி, தேர்வே ரத்தாகும், சொல்லவே கூடாது. மிஸ் பாவம், நான் சொன்னால் நாற்பத்தியொரு வீட்டோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். எல்லார் பக்கமும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நெற்றியில் சுட்டி இருந்திருந்தால் பச்சை நிற்காமல் எரிந்திருக்கும். அப்புறம் நான் என்ன நினைக்கிறேன் என்று தேடினேன். சமையலறையில் ஒரு சாமானை எங்கே வைத்தோம் என்று தேடுவதுபோல அலமாரி அலமாரியாகத் தேட வேண்டியிருந்தது. கடைசியில் கிடைத்தபோது அது ரொம்பச் சின்னதாக இருந்தது. என் பெண்ணைப் பற்றி இல்லாத ஒன்றை எழுதிவைக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை.

"அந்த நாலு மார்க்கு என்னோடது, மிஸ்."

"அம்மா" என்றாள் பருதி.

"சுட்டிய நான்தான் போட்டுக்கிட்டேன். மூணு பார்வையும் நான் யோசிச்சது. நாலாவதும் நான்தான். இவளுக்கு சொந்தமா கருத்து இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. அது அவகிட்ட தேவைக்கு மேலயே இருக்கு."

தியா மிஸ் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். பிறகு கதவுக்கு வெளியே பார்த்தாள். அவள் முகம் மெதுவாக மாறியது.

"அப்ப அந்த மத்த நாப்பது பேரும்..."

"எனக்கு என் கதைதான் தெரியும், மிஸ்."

அவள் சிரிக்கப் போகிறாளா அழப்போகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. "நான் இத மேல எழுதித்தான் ஆகணும்மா. இந்தத் தேர்வு செல்லாது. அடுத்த வருஷம் இங்கயே, எங்க முன்னாடி உக்காந்து எழுதணும். இந்த வருஷ சட்டக் கல்லூரி சேர்க்கை போச்சு. தெரிஞ்சுதானே சொல்றீங்க?"

"தெரிஞ்சுதான்."

நாங்கள் வெளியே வந்தபோது தாழ்வாரத்தில் யாரும் எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை பருதி எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள். நிழற்குடையில் போய் உட்கார்ந்து பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

"ஒரு வருஷம்மா. ஒரு வருஷம் போச்சு. திருப்தியா?"

"இல்ல."

"நான் கேட்டனா ஒன்ன சொல்லச் சொல்லி? என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேக்கல."

"எப்பவும் எல்லாரையும் கேப்ப. கொத்தமல்லி வாங்கறதுக்குக் கேப்ப. இதுக்கு மட்டும் கேக்கல."

"கேட்டிருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

பேருந்து ஒன்று வந்தது, எங்களுடையது இல்லை, போனது. பருதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபத்தில் அழுகிறபோது அவளுக்கு மூக்கு மட்டும் சிவக்கும்.

"நாலு" என்றாள். "நூத்துக்கு நாலு. நான் வாசிச்சேனே, சுயமரியாதை, உழைப்பு, பேரு. அதுல எதுவுமே ஒனக்குத் தோணலையா?"

"அது நீ எனக்காக எழுதினது. நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப அன்னைக்கு என்னதான் தோணுச்சு ஒனக்கு? நெஜமா சொல்லு. தட்டோட ஏன் எழுந்த?"

தேடத் தொடங்கிவிட்டதால் இந்த முறை சீக்கிரமே கிடைத்தது. கிடைத்ததும் வெட்கமாக இருந்தது.

"எனக்கு அந்தப் பையனப் பிடிக்கல" என்றேன்.

"என்னது?"

"அகிலன. ஒரு காரணமும் இல்ல. நல்ல பையன்தான். ஆனா அவன் வந்தா இனியா பேச்சக் கொறச்சுக்குவா. அவன் சிரிச்சா இவளும் சிரிப்பா. மொதல்நாள்லேர்ந்தே எனக்குப் பிடிக்கல. அவ சம்மதிச்சுட்டா, அவங்க வீட்டுல எல்லாரும் நல்லவங்க, நமக்குப் பிடிக்கறதா முக்கியம்னு விட்டுட்டேன். எனக்கே சொல்லிக்கல. அந்தப் பெரியவர் என் பேர வுட்டதும், எழுந்திருக்க ஒரு காரணம் கெடைச்சுது. அவ்ளோதான். பேருக்காக எழுந்திருக்கல."

பருதி என்னையே பார்த்தாள்.

"ரெண்டு வருஷம்" என்றாள். "ரெண்டு வருஷமா சித்தி வீட்டுல, அத்த வீட்டுல, ஸ்கூல்ல, எல்லா எடத்துலயும் ஒன் சுயமரியாதைக்காகச் சண்ட போட்டிருக்கேன். மகேஷ் மாமா பொண்ணோட இன்னும் பேசறதில்ல."

"தெரியும்."

"ஒனக்குப் பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லித் தொலையறதுக்கு என்னம்மா?"

வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. இன்னும் மூன்று மணி நேரத்தில் ஊரை மூடிவிடுவார்கள்.

"அக்காகிட்ட சொன்னியா இத?"

"இல்ல. இப்பதானே எனக்கே தெரிஞ்சுது."

"சொல்லு." அவள் தன் போனை எடுத்தாள். "என் நம்பர்லேர்ந்து போட்டா எடுப்பா."

"வேணாம் பருதி. அவளுக்கு ஏற்கெனவே என்மேல கோவம். நான் வேற 'பிடிக்கல, அதான் கெடுத்தேன்'னு போய்ச் சொன்னா எப்படி இருக்கும் அவளுக்கு? அவ எடத்துல இருந்து யோசிச்சா..."

"யோசிக்காத" என்றாள் பருதி. மணி அடிக்கத் தொடங்கியிருந்தது. போனை என் காதில் வைத்து அழுத்தினாள்.

"சொல்லுடி குட்டி" என்றது இனியாவின் குரல். இரண்டு வருஷத்துக்குப் பிறகு.

"நான்தான்மா" என்றேன்.

அவள் வைத்துவிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பையனைப் பிடிக்காதது, சொல்லாதது, பெயரைச் சாக்காக வைத்து எழுந்தது. "எல்லார் முன்னாடியும் ஒன்ன தல குனிய வெச்சுட்டேன். நீ மணையில தலையக் குனிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருந்தது எனக்குத் தெனமும் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒன் வாழ்க்கையக் கெடுத்துட்டேன்னு நீ நெனக்கறது நியாயம்தான்."

"நான் எங்கம்மா ஒக்காந்திருந்தேன்?" என்றாள் இனியா.

"மணையில."

"நீதான் திரும்பியே பாக்கலையே. ஒனக்கு எப்படித் தெரியும்?"

பருதி பிடித்திருந்த போனை நானே வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நீ எழுந்ததும் நானும் எழுந்துட்டேன்மா. மாலையக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். அப்பாடா, போயிடலாம்னு இருந்துச்சு. நீ ஒரு வாட்டி 'வாடி'ன்னு கூப்பிடுவேன்னு பாத்துக்கிட்டே நின்னேன். ஆட்டோ கெளம்பற சத்தம் கேட்டுச்சு."

பருதி என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா சொல்றா?" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். எங்கள் பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஏறவில்லை.

"இனியா" என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை, அவள் பக்கத்திலிருந்து யோசிக்கவும் வரவில்லை. "நீ சொல்லும்மா. நான் கேக்கறேன்."